கோழியின் கிழிந்த முதுகைத் தைக்கலாமா? தையல்காரி கேட்கிறேன்

முக்கூடல் தையல்காரி | சனிக்கிழமை, இரவு 8.10

வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுச் செவலைக்கோழியை இன்று ஏதோ கடித்துவிட்டது. நாயா கீரியா என்று பார்த்தவர் யாருமில்லை. காலையில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் மேயப் போனது. மதியம் குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டே திரும்பி வந்தன, ஒன்பதில் எட்டு. தாயைத் தேடாத இடமில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் இடையில் இருக்கிற சந்தில் தலையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் மகள்தான் கண்டுபிடித்தாள்.

முதுகில், இடது இறக்கைக்குப் பின்னால், என் உள்ளங்கையில் பாதி அளவுக்குத் தோல் உரிந்திருக்கிறது. சட்டைப் பையின் மூடி போல மூன்று பக்கம் கிழிந்து, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு மடிந்து தொங்குகிறது. உள்ளே சதை சிவப்பாகப் பளபளக்கிறது. ரத்தம் நின்றுவிட்டது. கோழி நிற்கிறது, நடக்கிறது, இரண்டு வாய் தண்ணீர் குடித்தது. தீனி தொடவில்லை.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. மாமியார் பீடி சுற்றுகிறவர். சுளவிலிருந்து ஒரு பிடி தூளை அள்ளிக்கொண்டு வந்து, “இதை அப்பிவிடு, புழு வைக்காது” என்கிறார். பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள். மருந்துக் கடைக்குப் போனால், மனிதருக்குக் கொடுக்கும் கேப்சூல் ஒன்றைக் கையில் கொடுத்து, கால் பங்கு பொடியைத் தண்ணீரில் கலந்து வாயில் ஊற்றச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. “நாளை ஞாயிற்றுக்கிழமை” என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது என் கேள்வி. பதினேழு வருடமாக ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறேன். ஊசியை வெந்நீரில் கொதிக்க வைத்துவிட்டேன். பட்டு நூல் இருக்கிறது. அந்தத் தோலை எடுத்து விரித்து வைத்துப் பார்த்தேன், ஓரத்தோடு ஓரம் அச்சாகப் பொருந்துகிறது. எட்டுத் தையல் போட்டால் முடிந்தது. தைக்கலாமா?

---

சந்தைக்காரன் | சனிக்கிழமை, இரவு 8.22

ஒரு நாட்டுக்கோழிக்கு இவ்வளவு பாடா? கிழிந்த கோழி பிழைப்பது பாதிக்குப் பாதிதான். இன்றே அறுத்தால் கறியாவது மிஞ்சும்.

---

முக்கூடல் தையல்காரி | சனிக்கிழமை, இரவு 8.26

அதற்கு எட்டுக் குஞ்சுகள் இருக்கின்றன அண்ணாச்சி. மூன்று வாரக் குஞ்சுகள். தைக்கலாமா, கூடாதா என்பதை மட்டும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பிசானம் | சனிக்கிழமை, இரவு 8.51

ஊசியைக் கீழே வையுங்கள் தங்கச்சி.

நான் மருத்துவர் அல்ல. சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரன். கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக 24 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கட்டுப் போட்டும் மாட்டைப் பிடித்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

நாயோ கீரியோ, வாய் வைத்த புண் அழுக்குப் புண். அதைத் தைத்து மூடுவது, அழுக்குத் துணியைத் திணித்துத் தலையணை தைப்பது போன்றது. மேலே அழகாக இருக்கும், உள்ளே அழுகும். அது மட்டுமில்லை. நீங்கள் தைக்கிற துணிக்கு இழை உண்டு, நூலைத் தாங்கும். கோழித் தோல் வெங்காயத் தோலுக்கு அண்ணன். நூலை இழுத்த இடத்தில் அறுந்துகொண்டு போகும். மருத்துவர் தைப்பார்தான். கடிபட்ட சில மணி நேரத்துக்குள் கொண்டுபோனால், உள்ளே கழுவி, செத்த சதையை வெட்டி எறிந்து, மரத்துப்போக ஊசி போட்டுத் தைப்பார். எந்தப் புண்ணைத் தைப்பது, எதைத் திறந்து விடுவது என்பது அவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. மரத்துப்போக வைக்கிற களிம்பு எதையாவது வாங்கிப் பூசவும் வேண்டாம், பறவை உடம்பு அதற்குச் சட்டென்று மயங்கும்.

திறந்த புண் ஆறாது என்று பயப்படாதீர்கள். கோழிக்குச் சதை அடியிலிருந்து நிரம்பி மேலே வரும். ஒரு கைப்பிடி அகலம் தோல் போன கோழி, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். நான் கண்ணால் கண்டது.

அதைவிட முக்கியமான ஒன்று. நீங்கள் பார்த்தது ஒரு புண்ணைத்தான். வாய்க்கு மேல் தாடையும் உண்டு, கீழ்த் தாடையும் உண்டு. மேலே கிழிந்திருந்தால் அடியில் எங்காவது பல் இறங்கியிருக்கும். இறகு மூடிக்கொண்டிருப்பதால் தெரியாது. டார்ச் அடித்து, மார்பு, வயிறு, தொடை இடுக்கு, இறக்கை அடி என்று இறகை எதிர்ப்பக்கமாக வாயால் ஊதி ஊதித் தேடுங்கள். இறகு ஈரமாக ஒட்டிக் கிடக்கிற இடத்தில் நின்று பாருங்கள். கிழிசல் கோழியைக் கொல்லாது. துளைதான் கொல்லும்.

பிடிக்கிற முறையும் உண்டு. பழைய துண்டில் சுற்றி, தலையையும் லேசாக மூடிவிடுங்கள், இருட்டானால் அடங்கிவிடும். ஆனால் மார்பை இறுக்கக் கூடாது. நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சை இழுக்க ஒரு தசைத்தடுப்பு இருக்கிறது, கோழிக்கு அது கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தே கொன்றவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு ஒன்பது கிராம் உப்பு போடுங்கள். தூள் உப்பு என்றால் தலை தட்டிய தேக்கரண்டியில் ஒன்றரை. ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் எடுத்து, கிழிந்த இடத்தில் மண், சருகு, இறகுத் துண்டு எல்லாம் போகும் வரை பீய்ச்சுங்கள். பஞ்சால் தேய்க்க வேண்டாம், நார் ஒட்டும். புண்ணைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரித்துவிடுங்கள், பிடுங்காதீர்கள், தோலோடு வரும். துணி வெட்டுகிற கத்தரியைத் தொடமாட்டீர்கள் என்று தெரியும், சின்னக் கத்தரி போதும். கடைசியில் பீட்டாடின் திரவத்தை அதே உப்புத் தண்ணீரில் பால் விடாத லேசான தேநீர் நிறத்துக்குக் கலந்து ஒரு தடவை ஊற்றி, தோல் மடிப்பைச் சதைமேல் போர்த்தி விடுங்கள். பிடித்தால் பிடிக்கும். பிடிக்காவிட்டால் கருத்துக் காய்ந்து தானே உதிரும். அதுவரைக்கும் அடியில் இருக்கிற சதைக்கு அது ஒரு மூடி.

பீடித்தூளைக் கோழியின் பக்கமே கொண்டுவரக் கூடாது. உங்கள் மாமியாரிடம் கோபிக்காதீர்கள், ஊரில் மாட்டுப் புண்ணுக்குப் போடுவதைப் பார்த்திருப்பார். புகையிலையில் இருக்கும் நிகோடின் நல்ல விஷம். திறந்த சதை வழியாக நேரே உடம்பில் ஏறும், இரண்டு கிலோ கூட இல்லாத உயிர் தாங்காது. மண்ணெண்ணெய் சதையைச் சுட்டுவிடும். மஞ்சள் தூளை நான் குறை சொல்லவில்லை, ஆனால் ஈரப் புண்ணில் அப்பினால் மேலே ஓடு கட்டும், அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. மாட்டுப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி, பூண்டு, மஞ்சளை அரைத்து எண்ணெயில் காய்ச்சிப் போடுகிறோம், நல்ல மருந்துதான். கோழிக்கு அந்த எண்ணெய் இறகெல்லாம் ஊறி, மழை நாளில் குளிரில் நடுங்க வைத்துவிடும்.

கேப்சூலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாயில் எதையும் ஊற்றவும் வேண்டாம். கோழிக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்கு முடிகிற இடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஊற்றியது பாதி அதில் போகும். கட்டைவிரல் நுனி அளவு கருப்பட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து முன்னால் வையுங்கள். தானே குடிக்கட்டும்.

---

முக்கூடல் தையல்காரி | சனிக்கிழமை, இரவு 10.24

அண்ணாச்சி, இருந்தது.

வலது பக்கம், தொடைக்கு உள்புறம், வயிற்றை ஒட்டி இரண்டு துளைகள். ஒன்றுக்கொன்று ஒரு விரல் அகலம் இடைவெளி. ஒன்று மேலோட்டம். மற்றொன்று எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. சுற்றியுள்ள இறகில் ரவையை ஒட்டவைத்தது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. முதலில் நொய் ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுபோனதும் புரிந்தது, ஈ முட்டை.

ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கிற வளைந்த இடுக்கி என்னிடம் இருக்கிறது. மகள் டார்ச் பிடிக்க, ஒவ்வொன்றாக எடுத்து சோப்புத் தண்ணீரில் போட்டேன். அவள் எண்ணிக்கொண்டே வந்தாள், அறுபத்து மூன்றில் நிறுத்திவிட்டாள். ஒட்டிக்கிடந்த இறகையெல்லாம் கத்தரித்தாயிற்று. நெளிகிற புழு ஒன்றும் இல்லை. செவலை துண்டுக்குள் சத்தமே போடவில்லை, நடுவில் ஒரு தடவை மட்டும் ‘கொக்’ என்றது.

முதுகைக் கழுவி, நீங்கள் சொன்னபடி மடிப்பைப் போர்த்திவிட்டேன். பொருந்தித்தான் இருக்கிறது. தைக்கத்தான் கை துடிக்கிறது, தைக்கவில்லை.

ஆழமான துளைக்குள்ளும் சிரிஞ்சை வைத்துப் பீய்ச்சலாமா? குஞ்சுகளை இரவு அதன் அடியில் விடலாமா?

---

இராமையன்பட்டி விடுதி | சனிக்கிழமை, இரவு 10.41

அக்கா, துளைக்குள் பீய்ச்சாதீர்கள். நான் இங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். கடைசி வருடம்.

பறவைக்கு மூச்சு நுரையீரலோடு நிற்பதில்லை. அதிலிருந்து காற்றுப்பைகள் வயிறு வரை பரவியிருக்கின்றன. அந்தப் பல் காற்றுப்பையைத் தொட்டிருந்தால், நீங்கள் பீய்ச்சுகிற தண்ணீர் நேரே மூச்சுக்குள் போகும், கோழி கையிலேயே செத்துப்போகும். ஐந்து நிமிடம் சும்மா உற்றுப் பாருங்கள். கோழி மூச்சு விடும்போது துளையில் குமிழி வருகிறதா? சுற்றியுள்ள தோலை மெல்ல அழுத்தினால் மெல்லிய காகிதத்தைக் கசக்குவது போல நொறுநொறுக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் துளையின் வாயை மட்டும், உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றித் துடைத்துத் திறந்தே விடுங்கள். அடைக்கக் கூடாது.

உடம்பு கொதிக்கிறதே, காய்ச்சலோ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோழிக்கு இயல்பான சூடே 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும்.

குஞ்சுகளை அடியில் விட வேண்டாம். சிவப்பாகத் தெரிவதைக் கொத்துவது கோழியின் பிறவிக் குணம், சொந்தத் தாய் என்று பார்க்காது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பஞ்சாரமாகக் கவிழ்த்து, தாயின் குரல் கேட்கிற மாதிரி வையுங்கள். மூன்று வாரக் குஞ்சுக்கு 29 டிகிரி வாக்கில் கதகதப்பு வேண்டும். மழைக்காலம் என்பதால் பழைய குண்டு பல்பு 60 வாட் ஒன்றைப் பஞ்சாரத்தின் ஒரு ஓரத்தில், குஞ்சுக்கும் சாக்குக்கும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். சூடு தாங்காவிட்டால் விலகிப் போக மறு ஓரம் இருக்கட்டும்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். கோழிக்கு வெறிநாய்க்கடி நோய் வராது என்றே வைத்துக்கொள்ளலாம், அது பாலூட்டிகளின் நோய். ஆனால் கடித்தது எதுவென்று தெரியாத புண்ணில் நீங்கள் வெறுங்கையால் வேலை செய்திருக்கிறீர்கள். தையல்காரி விரலில் ஊசி குத்தாத இடம் இருக்குமா? கையைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். விரலில் புதுக் குத்தல், கீறல் இருந்தால் நாளைக்கே ஆஸ்பத்திரியில் தடுப்பூசி வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். இனிமேல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கால்நடை மருத்துவ உதவிக்கு இலவச எண் 1962. திங்கட்கிழமை அருகிலுள்ள மருந்தகத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். ஆழத் துளைக்கு ஊசி மருந்து தேவைப்படும்.

---

பிசானம் | சனிக்கிழமை, இரவு 10.50

தம்பி சொன்னது சரி. பீய்ச்சுவது கிழிசலுக்கு மட்டும் என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். என் பிழை.

---

தேரி மண் | ஞாயிற்றுக்கிழமை, காலை 6.35

நான் திசையன்விளைப் பக்கம். செம்மண் தேரி, பனங்காடு, கீரிக்குப் பஞ்சமே இல்லாத ஊர். பதினோரு கோழி வைத்திருக்கிறேன். யாராவது உங்களுக்குத் தேன் தடவச் சொல்வார்கள், அதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள்.

தேன் புண்ணுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. போன வருடம் ஒரு விடைக்கோழிக்குக் கழுத்தில் பட்ட காயத்துக்குத் தேன் தடவிப் பஞ்சாரத்தில் மூடிவிட்டுத் தூங்கினேன். விடியற்காலை பஞ்சாரத்தைத் தூக்கினால் கோழி கறுப்பாக இருக்கிறது. எறும்பு. கழுத்திலிருந்து கொண்டை வரை அப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது கோழி. அள்ளிக்கொண்டு போய்த் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தேன். பிழைத்தது. என் கையில்தான் இரண்டு நாள் தடிப்பு.

அதனால் எறும்புக்கு வழி செய்துவிட்டுத் தேனைப் பற்றி யோசியுங்கள் மதினி. நான் இப்போது நான்கு கால் வைத்த மரக்கூண்டில்தான் புண்பட்ட கோழியை வைக்கிறேன். ஒவ்வொரு காலும் ஒரு சிரட்டைத் தண்ணீருக்குள். எறும்புப் பொடியைக் கூண்டைச் சுற்றித் தூவாதீர்கள், அதைக் கோழி கொத்தித் தின்னும்.

ஈக்குக் கொசுவலையைவிட நல்ல மருந்து இல்லை. வேப்பெண்ணெய் வேண்டுமானால் புண்ணிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நல்ல தோலில் ஒரு கோடு போலத் தடவலாம். புண்ணுக்குள் வேண்டாம்.

---

முக்கூடல் தையல்காரி | ஞாயிற்றுக்கிழமை, காலை 7.20

குமிழி வரவில்லை, நொறுநொறுப்பும் இல்லை. இரவு மூன்று தடவை எழுந்து பார்த்தேன். காலையில் கருப்பட்டித் தண்ணீர் பாதி டம்ளர் குடித்திருக்கிறது. வேகவைத்த முட்டையை உதிர்த்து வைத்தேன், தின்கிறது. கோழிக்குக் கோழி முட்டையா என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரட்டைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவர்தான்.

விரலில் இரண்டு குத்தல் இருந்தது தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்காரர் சந்தையில் மீன் வாங்கி வந்துவிட்டார். எதுவும் பேசவில்லை.

---

முக்கூடல் தையல்காரி | திங்கட்கிழமை, பிற்பகல் 3.05

முதலில் என் சங்கதி. நேற்று எனக்கு முதல் ஊசி போட்டாயிற்று, அடுத்தடுத்துப் போட வேண்டிய நாட்களை அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று செவலை. வயர் கூடையில் வைத்துத் துணி மூடிக் கொண்டுபோனேன். வரிசையில் ஆடு, கன்று, ஒரு எருமை. கூடையை எட்டிப் பார்த்த ஒருவர், “இந்தக் கோழியின் விலையைவிட ஆட்டோ வாடகை அதிகமாக இருக்குமே” என்றார். அது உண்மைதான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் அம்மா பார்த்தார். முதுகுக் கிழிசலை ஒரு பார்வைதான், “நன்றாகக் கழுவியிருக்கிறீர்கள், இப்படியே விட்டுவிடுங்கள், தைக்கிற நேரம் தாண்டிவிட்டது” என்றார். துளையில்தான் நேரம் எடுத்துக்கொண்டார். உள்ளே மழுங்கிய கம்பி ஒன்றை விட்டு ஆழம் பார்த்தார். தசைக்குள் போயிருக்கிறது, வயிற்றைத் துளைக்கவில்லை. பல்லோடு சேர்ந்து உள்ளே போன ஓர் இறகுத் துணுக்கை இழுத்து வெளியே எடுத்துக் காட்டினார். அரை அங்குலம் இருக்கும். அது உள்ளே இருக்கும்போதுதான் நான் மேலே எட்டுத் தையல் போடத் துடித்துக்கொண்டிருந்தேன்.

தொடர்ந்து ஐந்து நாள் ஊசி. மருந்து முடிந்து அவர் சொல்கிற நாள் வரை கறிக்கும் ஆகாது, முட்டையும் தின்னக் கூடாது என்றார். குஞ்சு வளர்ப்பதால் முட்டை எப்படியும் இல்லை. கறி என்றதும் வீட்டுக்காரரின் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

---

முக்கூடல் தையல்காரி | செவ்வாய்க்கிழமை, காலை 6.50

யாராவது இருக்கிறீர்களா? துளையைச் சுற்றித் தோல் பச்சையாகிவிட்டது. பாசி பிடித்தது போல நல்ல பச்சை. தொடை முழுவதும். அழுகுகிறதா? நேற்று இல்லை.

---

இராமையன்பட்டி விடுதி | செவ்வாய்க்கிழமை, காலை 7.02

மோந்து பாருங்கள் அக்கா. நாற்றம் அடிக்கிறதா? தோல் கருத்து, ஜில்லென்று, ஈரமாக இருக்கிறதா?

---

முக்கூடல் தையல்காரி | செவ்வாய்க்கிழமை, காலை 7.06

நாற்றம் இல்லை. சூடாகத்தான் இருக்கிறது. காய்ந்து இருக்கிறது.

---

இராமையன்பட்டி விடுதி | செவ்வாய்க்கிழமை, காலை 7.15

அப்படியானால் அது கன்றிப்போன ரத்தம்தான். நமக்கு அடிபட்டால் முதலில் ஊதா, பிறகு பச்சை, பிறகு மஞ்சள் என்று மாறும். உடைந்த ரத்தத்தின் பச்சை நிறமியை நம் உடம்பு மஞ்சளாக மாற்றிவிடுகிறது. கோழி உடம்பில் அந்த மாற்றம் நடப்பதில்லை, பச்சையோடு நின்றுவிடும். ஒரு வாரத்தில் மெல்ல மங்கும். இதை அழுகல் என்று நினைத்து நல்ல கோழியை அறுத்தவர்கள் நிறைய.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மறுபடியும் காலை ஆறரைக்குப் பதறாமல் இருக்க. கோழிக்குச் சீழ் நமக்கு வடிவது போல வடியாது. வெந்த மஞ்சள் கரு போலக் கெட்டியாக, துளைக்குள் முளை அடித்தது போல நிற்கும். அப்படி எதையாவது பார்த்தால் பிதுக்காதீர்கள், வராது. டாக்டர் எடுக்கட்டும்.

---

முக்கூடல் தையல்காரி | ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40 (பதினைந்தாம் நாள்)

பச்சை போய்விட்டது. துளை மூடிக்கொண்டு வருகிறது. முளை எதுவும் நிற்கவில்லை.

முதுகில் நான் போர்த்தி வைத்த தோல் பிடிக்கவில்லை அண்ணாச்சி. நீங்கள் சொன்னபடியே கருத்து, சுருண்டு, காய்ந்த பனங்கிழங்குத் தோல் மாதிரி விறைத்துப்போய் இன்று காலை பஞ்சாரத்தில் கிடந்தது. எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். அதன் அடியில் சதை மேடேறி, ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் உள்ளே நகர்ந்து வந்திருக்கிறது. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் இன்னும் காயவில்லை.

இப்போது சிக்கல் வேறு. செவலையை நேற்று அரை மணி நேரம் வெளியே விட்டேன். மற்ற இரண்டு கோழிகளும் நேரே வந்து முதுகைக் கொத்துகின்றன. சேவல் ஏறப் பார்க்கிறது. எவ்வளவு நாள்தான் கூண்டிலேயே வைப்பது?

---

பிசானம் | ஞாயிற்றுக்கிழமை, இரவு 7.30

இன்னும் ஒரு வாரம் கூண்டு, தங்கச்சி. அந்த ஈரம் முழுவதும் காயட்டும். ஈரப் புண்மேல் எதையும் மூடினால் அதற்குள் ஈ போய்ப் புழு வைக்கும்.

காய்ந்த பிறகு ஒரு வழி இருக்கிறது. அதற்காகத்தான் உங்கள் ஊசியைக் கீழே வைக்கச் சொன்னேனே தவிர, தூக்கி எறியச் சொல்லவில்லை. கோழிக்கு முதுகுச் சட்டை ஒன்று தையுங்கள். முதுகை மட்டும் மூடுகிற ஒரு துண்டுத் துணி, இரண்டு இறக்கையும் நுழைய இரண்டு வளையம். சேவலின் நகமும் மற்றதன் அலகும் துணியில்தான் படும். பண்ணைகளில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். சேவலின் கால்முள் கூராக இருந்தால் அதன் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கிவிடுங்கள். உள்ளே ரத்த ஓட்டம் உண்டு, அடியோடு வெட்டக் கூடாது.

---

முக்கூடல் தையல்காரி | புதன்கிழமை, மாலை 4.15 (இருபத்தைந்தாம் நாள்)

அளவு கேட்டு இரண்டு பேர் தனியாக எழுதியிருந்தார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். இது சிறுவிடைக்கோழிக்கு. பெரிய இனம் என்றால் கூட்டிக்கொள்ளுங்கள்.

பள்ளிச் சீருடைக் கால்சட்டை வெட்டியதில் மிஞ்சிய காக்கித் துணி, இரண்டு அடுக்கு. கழுத்தடியிலிருந்து வால் தொடங்குகிற இடம் வரை நீளம் 7 அங்குலம். கழுத்துப் பக்கம் அகலம் மூன்றரை, வால் பக்கம் 6. அரை அங்குல எலாஸ்டிக்கில் இரண்டு வளையம், ஒன்று ஐந்தரை அங்குலம். முதலில் ஐந்து வைத்தேன், இறக்கை அடியில் பிடித்தது, பிரித்துவிட்டேன். வளையத்துக்குள் என் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். ஓரத்தை உள்ளே மடித்து அடித்திருக்கிறேன், தொங்குகிற நூல் ஒன்று இருந்தாலும் கொத்தி விழுங்கிவிடும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கழற்றிப் பேன் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

போட்டுவிட்டதும் செவலை பின்பக்கமாகவே நடந்தது. சட்டையிலிருந்து வெளியே போய்விடலாம் என்று நினைத்திருக்கும் போல. துவைக்கிற கல்லில் முட்டி நின்றது. மாமியார் பீடிச் சுளவைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குஞ்சுகள் காக்கிச் சட்டையைப் பார்த்து மிரண்டு முருங்கை மரத்தடிக்கு ஓடிவிட்டன. பிறகு அது நிலத்தைக் கிளறி ‘கொக் கொக்’ என்று கூப்பிட்டதும் எட்டும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன.

தேரி மண் மதினிக்கு: உங்கள் விடைக்கோழிக்கும் ஒன்று தைத்து வைத்திருக்கிறேன். பூப்போட்ட துணி.